அறிக்கைச் செங்கல்: ஒரு பசுமைத் திட்ட வரைவு

சென்னையை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற ஒரு கட்டுமானப் பொருளைப் பரிந்துரைக்கிறேன். இதற்கு மணல் அள்ள வேண்டாம், மலை உடைக்க வேண்டாம், சூளை மூட்ட வேண்டாம். கையிருப்பு ஏராளம், ஆண்டுதோறும் தானே பெருகுகிறது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் கிட்டத்தட்ட 8 சதவீதம் சிமென்டால் வருகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இந்தப் பொருளை நம்பிப் பயன்படுத்தலாம். அச்சடித்து அட்டை போட்டபின் இதில் எந்த வினையும் நடப்பதில்லை. பொருளின் பெயர் ஆய்வறிக்கை.

வெள்ளத் தடுப்பு அறிக்கை, வடிகால் மேலாண்மை அறிக்கை, கடற்கரைப் பாதுகாப்பு அறிக்கை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, நீடித்த உட்கட்டமைப்புக்கான இடைக்கால அறிக்கை, அதன் மீதான துணைக் குழுவின் அறிக்கை என்று இருப்பதையெல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டி, சாக்கில் போட்டுத் தைத்து, அடையாற்றின் இரு கரையிலும் ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டால் போதும். ஒப்பந்தக்காரருக்கு வேலை கிடைக்கும், அறிக்கைக்கும் முதல்முறையாக ஒரு பயன் கிடைக்கும்.

தரத்தை இந்தியத் தர நிர்ணயப்படியே பார்த்துவிடலாம். சாதாரணச் சுட்ட செங்கல் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 3.5 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அறிக்கை அதைவிட நன்றாகத் தாங்கும். மூன்று ஆட்சிகளின் அழுத்தத்தைத் தாங்கியும் ஒரு பக்கம்கூட மடங்காத அறிக்கைகள் நம்மிடம் உண்டு. அடுத்தது நீருறிஞ்சும் சோதனை. செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், அதன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் ஏறியிருக்கக் கூடாது. அறிக்கையைக் கோட்டையில் பத்தாண்டு ஊறப்போட்டார்கள். கோட்டைக்குள் ஏறியது பூஜ்யம்.

பிறகு பதம் பார்க்கும் காலம். கான்கிரீட்டை ஊற்றி, தண்ணீர் கட்டி, 28 நாள் கழித்துத்தான் கட்டியை உடைத்து வலிமை பார்ப்பார்கள். நம் ஊர்க் கோபத்துக்கும் அதே 28 நாள்தான் கணக்கு, ஆனால் எதிர்த் திசையில். வெள்ளம் வந்த அன்று இரும்பாக இருக்கும். பொங்கல் பரிசுத் தொகுப்பு வரும்போது அது களிமண்.

மூலப்பொருள் எப்படி உற்பத்தியாகிறது என்று பார்ப்போம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பேய்மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் முதல் மாடிக்குப் படகு போனது. அதன்பின் அறிக்கைகளின் அறுவடை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. எந்த மனிதர்கள் என்று எழுதவில்லை. எந்த மனிதரும் பதவியிழக்கவில்லை. 2021இல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தணிப்புக் குழு அமைத்தார்கள். 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை முதலமைச்சர் கைக்கு வந்தது; புகைப்படமும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி நீந்தின. சட்டென்று விவாதம் வேறு பக்கம் திரும்பியது: வடிகாலுக்குச் செலவானது நாலாயிரம் கோடியா, அதில் பாதியா? இரண்டு கட்சிக்காரர்களும் இடுப்பளவு தண்ணீருக்கு மேலே நின்று கணக்குப் பாடம் நடத்தினார்கள். மையச் சென்னையில் சில தெருக்களில் முன்போலத் தண்ணீர் தேங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அதற்கும் ஒரு மறுப்பறிக்கை வரும், மூலப்பொருள் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடும்.

இந்தக் கல்லைக் குவித்து வைக்கப் பொருத்தமான இடம் பள்ளிக்கரணை. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் கலங்கல் வழிந்து அனுப்பும் உபரிநீர் வந்து இளைப்பாறி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கிக் கோவளத்தில் கடல் சேர்கிற இடம் அது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்தது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்குதான் சதுப்பாக மிஞ்சியிருக்கிறது. மற்ற ஒன்பது பங்கில் என்ன இருக்கிறது? பெருங்குடியில் நகரத்தின் குப்பைமலை இருக்கிறது. ஆறுவழிச் சாலை, மென்பொருள் கண்ணாடிக் கட்டடங்கள், ஏரியின் காட்சியோடு படுக்கையறை என்று விளம்பரம் செய்த அடுக்குமாடிகள் இருக்கின்றன. இவற்றோடு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் இருக்கின்றன. கடலை ஆராய ஒன்று, காற்றை ஆராய ஒன்று. இரண்டையும் சதுப்பை வகிர்ந்துதான் கட்டியிருக்கிறோம். நிலத்தை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்றும் நமக்குக் கிடைத்திருந்தால் அதற்கும் அங்கேயே மண்ணடித்து இடம் கொடுத்திருப்போம்.

2022இல் அதே பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. உலகத்துக்கே முக்கியமான ஈரநிலமாம். நமக்கு முக்கியமானதா என்ற கேள்விக்கு 2025இல் பதில் தெரிந்தது. ராம்சார் எல்லையிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தராதே என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. சதுப்பின் தாக்கம் எதுவரை நீள்கிறது என்று இன்னும் அறிவியல் முறையில் அளந்து முடியவில்லை, அதுவரை பொறு என்பது உத்தரவின் சாரம். உடனே மனைக்காரர்கள் பதறினார்கள்: எங்கள் முதலீடு என்ன ஆவது, ஆராய்ச்சியைச் சீக்கிரம் முடியுங்கள் என்று. நாற்பது ஆண்டுகளாக மண்ணடித்துக் கட்டியபோது ஒருவருக்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. கட்டாதே என்று சொல்வதற்கு மட்டும் நம் நாட்டில் ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

மணலுக்கு வடிகால் கட்டிய கதை தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்களுக்குத் தெரியும். கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே நீளவாக்கில் ஒரு மணல்மேடு படுத்திருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் மணல் குடித்துவிடும். குடித்த நீர் அடியில் உள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கும், கிணற்றில் இனிக்கும். கடல் உள்ளே வராமல் தடுத்து நிற்பதும் அந்த நன்னீர்தான். அந்த மணல்மேட்டில், ஜெர்மானிய வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ.வின் கடனுதவியோடு, கோவளம் வடிநிலத் திட்டத்தின் ஒரு பகுதியாக, கான்கிரீட் மழைநீர் வடிகால் கட்டக் கிளம்பினார்கள். தேங்காத தண்ணீரை வெளியேற்ற! நிலத்தடிக்குப் போக வேண்டிய நன்னீரைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய் உப்பில் கொட்ட!

குடியிருப்பவர்கள் இதைத் தெருவில் நின்றே நிரூபித்திருக்கலாம்: ஒரு வாளி தண்ணீரை ஊற்று, பத்து விநாடி பொறு, எங்கே போனது என்று பார். முனைவர் பட்டம் தேவையில்லை, வாளி போதும். ஆனாலும் வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. மணலில் தண்ணீர் இறங்கும் என்கிற உண்மை முறைப்படி அங்கே வாதாடப்பட்டது. இதே நகரம் 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கிய நகரம். 2019இல் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த நகரமும் இதுதான். ஒரு கையால் குழி வெட்டி நீரை இறக்கச் சொல்கிறது, மறு கையால் பெட்டி வைத்துக் கடலுக்கு அனுப்புகிறது. இரண்டு கைக்கும் ஒரே கருவூலத்திலிருந்துதான் சம்பளம்.

வடிகாலுக்கு எஸ்டிமேட் போட முடியும் என்பதுதான் விஷயம். ஒரு மீட்டருக்கு இவ்வளவு கம்பி, இவ்வளவு ஜல்லி, இவ்வளவு சென்ட்ரிங் பலகை. அளவுப் புத்தகத்தில் எழுதலாம், பில் போடலாம், ஒவ்வொரு மேசைக்கும் உரியதைப் பிரிக்கலாம். மணல் தானாகக் குடிக்கும் தண்ணீருக்கு என்ன பில் போடுவது? சதுப்பு தானாகத் தேக்கும் வெள்ளத்துக்கு யார் பங்கு கேட்பது? இயற்கையின் மிகப் பெரிய குறை அதற்கு டெண்டர் எடுக்கத் தெரியாததுதான்.

இனி ஆக்கிரமிப்புக்கு வருவோம். பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் விட்டோம். அது போக்குவரத்துப் புரட்சி. அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன் மேல் மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டினோம். அது பொறியியல் சாதனை. 2015இல் ஆறு அந்தச் சாதனையைப் பார்வையிட நேரிலேயே வந்து, ஓடுபாதையில் நாள்கணக்கில் தங்கியிருந்தது. ஆற்றோரத்தில் நான்கு கழியும் ஒரு தார்ப்பாயும் வைத்து ஒருவர் குடிசை போட்டால் மட்டும் அது ஆக்கிரமிப்பு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நதி மீட்பு என்ற பெயரில் கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். ஆற்றின் நீரோட்டத்துக்கு அவர்கள் தடையாம். ரயில் தூண் தடையில்லை, ஓடுபாதை தடையில்லை, கரையோரத்து நட்சத்திர விடுதியும் தடையில்லை. கூலிக்காரர் குடும்பத்தின் அலுமினியப் பானைதான் அடையாற்றை அடைத்துக்கொண்டிருந்தது.

சரி, அவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும். அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில், ஏரிகளின் நீர் வடிந்து வரும் தாழ்நிலத்தில். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டு மாடிக்கு எழுப்பி அடுக்கினார்கள். வெள்ள ஆபத்திலிருந்து மீட்டு, வெள்ளம் கட்டாயம் வரும் இடத்தில் குடிவைத்தார்கள். மழைக்காலத்தில் தரைத்தளத்தில் தண்ணீர், மேலே மின்சாரம் இல்லை, லிஃப்ட் ஓடாது, வேலைக்குப் போக வேண்டிய மயிலாப்பூரும் சேத்துப்பட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். இந்தத் திட்டத்துக்கு மண் பரிசோதனை செய்த பொறியாளர் ஒருவர் இருந்திருப்பார். நீர்மட்டம் எந்த ஆழத்தில் என்று துளையிட்டுப் பார்த்திருப்பார். அது அவருக்குத் தெரியும். அதற்கேற்ற அடித்தளத்தையும் போட்டார், கட்டடம் சாயாது. மனிதர்கள் மூழ்குவது அவருடைய வடிவமைப்பு வரம்புக்குள் வரவில்லை. இதை எழுதும்போது கிண்டல் வறண்டுபோகிறது. ஏழையை ஆற்றிலிருந்து தூக்கிச் சதுப்பில் போட்டுவிட்டு அதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று பெயர் வைத்ததற்கு ஒரே சொல்தான் உண்டு: அயோக்கியத்தனம்.

அறிக்கை தயாராகும் முறை தெரிந்தால் இதெல்லாம் வியப்பாக இருக்காது. முதலில் இடம் முடிவாகும். இரண்டாவதாக, அந்த இடத்தைச் சுற்றி நிலம் கைமாறும். மூன்றாவதாக அடிக்கல். நாலாவதாகத்தான் ஆராய்ச்சி. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, திட்டத்தைக் கொண்டுவருகிறவர்தான் கன்சல்டன்டை நியமித்து, அவருக்குக் காசும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரே தரகருக்கும் சாட்சிக்கும் ஐயருக்கும் சம்பளம் கொடுக்கிற கல்யாணம். பெண்ணுக்குச் சம்மதமா என்று யார் கேட்பார்கள்? மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தந்த அறிக்கையில், அங்கே வாழும் பறவைகளுக்கு ஊசியிலைக் காடுகள்தான் உறைவிடம் என்று இருந்தது. மாவும் முந்திரியும் வளரும் கொங்கண மண்ணில் ஊசியிலைக் காடு! ரஷ்யாவில் ஒரு சுரங்கத்துக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். மாட்டிக்கொண்டதால் இது தெரிந்தது. அந்த அளவுக்கு ஒட்டத் தெரியாதவர்கள் இப்போது துறையில் குறைவு.

கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. பொறியியல் பேராசிரியரிடம் ஒரு திட்டத்தைக் கொண்டுபோய்க் கட்டலாமா என்று கேட்டால், கட்டக் கூடாது என்ற பதில் அபூர்வம். நிபந்தனைகளுடன் கட்டலாம் என்பார். முப்பது நிபந்தனை எழுதுவார். ஒவ்வொன்றும் சரியானதாகவே இருக்கும். அந்த முப்பதையும் களத்தில் போய்ச் சரிபார்க்க ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். கையெழுத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவில் அந்த முப்பது நிபந்தனைகள் ஒரு மெத்தைபோலக் கிடக்கும். விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது. இன்னொரு வகையினர் உண்டு. அவர்கள் உண்மையாகவே பள்ளிக்கரணையின் நீரோட்டத்தை அளந்து, கணினி மாதிரி ஓட்டி, எந்தத் தெரு எத்தனை மணி நேரத்தில் மூழ்கும் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில், வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பூட்டிய அறைக்குள் கிடக்கும். மூழ்கப்போகும் தெருக்காரர் அதைப் படிக்க வேண்டுமானால் டாலரில் பணம் கட்ட வேண்டும். கட்டிப் படித்துவிட்டு, பிறகு மூழ்கலாம்.

பரந்தூரைப் பாருங்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம், 13 கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். அதில் ஏறத்தாழ கால்பங்கு நீர்நிலை. ஏரிகளுக்கு நீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் வழியாகப் போகிறது. 2022இல் இடம் அறிவித்தாயிற்று. அதன் பிறகு நீரியல் ஆய்வுக்கு மச்சேந்திரநாதன் தலைமையில் உயர்மட்டத் தொழில்நுட்பக் குழு போட்டார்கள். நீர்நிலைகளை என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்காம். அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்து விவசாயிகள் கேட்ட கேள்வி எந்த ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும் வராத கேள்வி: இடத்தைத் தீர்மானித்த பிறகு எதை ஆராயப் போகிறீர்கள்? இத்தகைய விமான நிலையத்துக்குத் துறையில் வழங்கும் பெயர் கிரீன்ஃபீல்டு. பச்சை வயல். பெயர் மிகப் பொருத்தம். அது அழியும்வரை பச்சை வயல்தான்.

பாலங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தென்பெண்ணை கோபித்துக்கொள்ளும். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் உயர்மட்டப் பாலம் கட்டி 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணை திறந்தது. பாலம் போயே போயிற்று. வயது மூன்று மாதம். நினைத்ததைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது என்பது விளக்கம். ஆற்றின் மேற்பக்கம் 1950களிலிருந்து ஒரு அணை நிற்கிறது, அதற்கு மதகுகள் இருக்கின்றன, மதகு திறந்தால் தண்ணீர் வரும் என்பதெல்லாம் நினைப்புக்குள் வரவில்லை போலும். கரிகாலனை இங்கே இழுக்க மாட்டேன். கல்லணையைக் காட்டிப் பெருமை பேசியே நாம் இந்த நிலைக்கு வந்தோம். ஆர்தர் காட்டனை மட்டும் ஒரு வரி சொல்கிறேன். முக்கொம்பில் அவர் 1830களில் கட்டிய மேலணை 180 ஆண்டுகள் நின்றது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துப் போயின. பழைய கட்டடம், வயதாகிவிட்டது என்றார்கள். ஆற்றுப் படுகையில் மணல் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

அந்த மணலையும் ஒரு பொறியியல் நிறுவனம் அளந்தது. அமலாக்கத் துறைக்காக ஐ.ஐ.டி. கான்பூர் நிபுணர்கள் தமிழ்நாட்டு ஆறுகளில் கருவியோடு இறங்கினார்கள். அரசுக்கு வந்த வருவாய் 36 கோடி சொச்சம், அள்ளியதன் மதிப்பு 4,730 கோடி என்று அமலாக்கத் துறை சொன்னது. மாநில அரசு இதை ஏற்கவில்லை. வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. எந்தக் கட்சி எந்தக் கட்சியைப் பிடிக்க இந்த ஆய்வைக் கேட்டது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் மரியாதை கிடைப்பது எதிராளியின் கழுத்தில் போடச் சுருக்குக் கயிறு தேவைப்படும்போது மட்டும்.

இத்தனைக்கும் நல்ல ஆராய்ச்சி இல்லாமல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துச் செய்யும் எல்.சி.3 என்ற சிமென்ட் கரியமில வாயுவை 40 சதவீதம் வரை குறைக்கும். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்காரர்கள் அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 2023இல் இந்தியத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது. உங்கள் ஊர் சிமென்ட் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கை ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையை 2000களின் தொடக்கத்திலேயே செய்து காட்டினார். பத்மஸ்ரீ கொடுத்தோம், குப்பையைப் பெருங்குடியிலேயே வைத்துக்கொண்டோம். புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச்சுவர் தின்றுவிட்ட கடற்கரையை, நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு இறக்கி ஓரளவு மீட்டுக் கொடுத்தவர்கள் நான் மேலே ஏசிய அதே பள்ளிக்கரணைக் கடல்சார் நிறுவனத்தார்தான். அதைப் பார்த்த பிறகும் மற்ற ஊர்களில் கடல் அரித்தால் நம் துறைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பாறாங்கல். கல்லைக் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். அடுத்த ஆண்டு அங்கே கொட்டலாம். நிரந்தர வருமானம்.

சாம்பலைக் கேளுங்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சிமென்டிலும் செங்கல்லிலும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லி 1999லேயே மத்திய அரசு அறிவிக்கை போட்டது. ஆராய்ச்சி அதற்கும் முந்தியது. எண்ணூரில் அதே சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கிடக்கிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவர்கள் சாம்பல் சேற்றில் தடவுகிறார்கள். கட்டுமானப் பொருள் ஆற்றில் இருக்கிறது, ஆற்று மணல் கட்டுமானத்தில் இருக்கிறது. இடம் மாறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

எல்லாவற்றிலும் எளியது ஒன்று உண்டு: மில்லிங். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்தில் புதுத் தார் போடுவது. இதற்கு எந்த ஆராய்ச்சியும் பாக்கி இல்லை. 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டாமல் சாலை போடாதீர்கள், வீடுகள் பள்ளத்தில் போகின்றன என்று கடிதமே எழுதினார். ஆனாலும் எத்தனை தெருக்களில் பழைய தாரின் மேலேயே புதுத் தார் ஏறுகிறது! தாத்தா மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் பேரன் இரண்டு படி இறங்கிப் போகிறான். மழை வந்தால் தெரு காய்ந்திருக்கும், கூடம் குளமாகும். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறோம் என்று ஒரு தொழிலே இதனால் பிழைக்கிறது. இவ்வளவுக்கும் மில்லிங் செலவும் சேர்ந்துதான் எஸ்டிமேட்டில் இருக்கும்.

ஆகவே என் செங்கல் திட்டத்தை அரசு பரிசீலிக்க வேண்டும். பரிசீலிக்க ஒரு குழு போடுவார்கள், அந்தக் குழு ஓர் அறிக்கை தரும், கரை இன்னும் ஓர் அடுக்கு உயரும்.

அது நடக்கும்வரை நீங்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் பகுதியில் ஒரு பாலமோ வடிகாலோ சாலையோ ஏரிக் கரையோ கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே ஒரு மனு எழுதுங்கள். மண் பரிசோதனை வேண்டாம், வரைபடம் வேண்டாம், அதையெல்லாம் கேட்டால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று பயமுறுத்துவார்கள். இரண்டு தேதிகளை மட்டும் கேளுங்கள்: இந்த வேலைக்கான ஆய்வறிக்கை கையெழுத்தான தேதி எது, அடிக்கல் நாட்டிய தேதி எது? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலைத் தெருமுனையில் ஒட்டுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.